ரெண்டு பேர் வந்து நில்லு

அந்த மேடத்தை எனக்குப் பிடிக்காது. கல்லூரியை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டர் செக்‌ஷனைக் கவனித்துக்கொள்கிற அளவுக்கு வந்தாயிற்று. இன்னும் பிடிக்கவில்லை. பெயரை எழுதப்போவதில்லை, விருதுநகர் சின்ன ஊர். 'அவர்' என்று எழுதுவதும் மரியாதையால் இல்லை. மூன்று வருஷம் பயந்து பழகிய நாக்கு வேறு மாதிரிப் பேச மறுக்கிறது.

ஒல்லியான உடம்பு. கஞ்சி போட்ட காட்டன் சேலை, மடிப்புக் கலையாது. அவர் இருக்கிற அறைக்குள் இரண்டு பேர் சேர்ந்து நுழைந்தால் முதலில் ஒருத்தியைப் பார்ப்பார், பிறகு அடுத்தவளை, திரும்ப முதலாமவளை. அந்த மூன்றாவது பார்வையிலேயே தீர்ப்பு வந்துவிடும். என்ன விஷயத்தில் தீர்ப்பு என்று நமக்குத் தெரியாது. நிறமா, உயரமா, துணியா, புத்தியா? ஆனால் இரண்டு பேரில் ஒருத்தி மட்டம் என்பது மட்டும் நன்றாகப் புரியும். நாங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு ஒவ்வொருத்தியாகப் போகப் பழகிக்கொண்டோம்.

முதல் வருஷம் அவர் எடுத்த முதல் பாடம் சார்ட்டிங். தாறுமாறாகக் கிடக்கிற எண்களைக் கம்ப்யூட்டர் எப்படி வரிசைப்படுத்துகிறது என்பது. புத்தகத்தைத் திறக்கவே இல்லை. எங்களில் சிலரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் கிடைத்த இடத்தில் நிற்கச் சொன்னார்.

"உங்களை உயரவாரியா நிக்க வைக்கணும். நான் மனுஷி. ஒரு பார்வையில முழு வரிசையும் எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு அந்தக் கண்ணு கிடையாது. ஒரு நேரத்துல ரெண்டு பேரைத்தான் அதுக்குப் பார்க்கத் தெரியும். ரெண்டு பேர் வந்து நில்லு."

இடது ஓரத்தில் இருந்த இரண்டு பேரை ஒட்டி நிற்கவைத்தார். இடது பக்கத்தவள் உயரமாக இருந்தால் இருவரும் இடம் மாறவேண்டும், இல்லாவிட்டால் சும்மா இருக்கலாம். பிறகு இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும். பிறகு மூன்றும் நான்கும். இப்படியே கடைசிவரை. முதல் சுற்று முடிந்தபோது இருந்ததிலேயே நெட்டையானவள் ஒவ்வொருத்தியாகத் தாண்டி வலது கோடிக்குப் போய்விட்டாள். திரும்பவும் ஆரம்பத்திலிருந்து. முதலில் வலது கோடியில் நின்ற குட்டைப்பெண் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு இடம்தான் முன்னால் நகர்ந்தாள். "நெட்டை ஒரே மூச்சுல போயிருவா, குட்டைக்குத்தான் பாடு" என்றார் மேடம். எல்லோரும் சிரித்தோம், அந்தக் குட்டைப்பெண்ணும் சிரித்தாள். ஒரு சுற்று முழுக்க யாருமே இடம் மாறவில்லை என்றால் வரிசை சரியாகிவிட்டது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிடலாம். இதற்கு பபிள் சார்ட் என்று பெயர். தண்ணீரில் குமிழி மேலே வருவதுபோலப் பெரியது ஓரத்துக்கு வந்துவிடுகிறதாம்.

இன்றைக்கு என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தார். பிடிக்காத ஒருவரிடம் கற்றுக்கொண்டது மறந்தாவது தொலையலாம். தொலைவதில்லை.

அடுத்த வாரம் உயரத்தின் இடத்தில் மார்க் வந்தது.

வகுப்பில் உட்காருவதே மார்க்குப்படிதான். முதல் பெஞ்சின் சன்னலோரம் முதல் மார்க், கடைசி பெஞ்சின் கதவோரம் கடைசி மார்க். மாதாமாதம் டெஸ்ட், மாதாமாதம் இடமாற்றம். சாத்தூரிலிருந்து காலேஜ் பஸ்ஸில் வருகிற மாரீஸ்வரி தாமதமாகச் சேர்ந்தாள். அவள் அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறவர். அட்மிஷனுக்கு அலைந்து, ஒருவழியாக ஒரு திங்கட்கிழமை பையோடு வாசலில் வந்து நின்றாள். மேடத்துக்குப் பாடம் கிடைத்துவிட்டது.

"இது இன்செர்ஷன் சார்ட். ஏற்கெனவே வரிசையா இருக்கு, புதுசா ஒண்ணு வருது. எங்கன சொருகுறது? சீட்டாட்டத்துல கையில இருக்கிற சீட்டுக்கு நடுவுல புதுச் சீட்டைச் சொருகுவோம்ல, அதேதான். கடைசியில இருந்து பார்த்துக்கிட்டே வரணும். உன் பிளஸ் டூ மார்க் சொல்லு."

மாரீஸ்வரி சொன்னாள். கடைசி பெஞ்சில் இருந்தவளைப் பார்த்து, "உன்னுது?" என்றார் மேடம். அவள் சொன்னாள். "குறைச்சல். ஒரு இடம் பின்னால தள்ளு." அடுத்தவள். "உன்னுது? குறைச்சல். தள்ளு." ஒவ்வொருத்தியும் புத்தகம், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஒரு இடம் பின்னால் போனாள். வகுப்பு முழுக்கப் பெஞ்சு இழுபடுகிற சத்தம். மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொருத்தியையும் எழுப்பிவிட்டபடி முன்னால் வந்துகொண்டே இருந்தாள். கடைசியில் என் பக்கத்தில் வந்து நின்றாள். நானும் ஒரு இடம் தள்ளினேன். வந்த அன்றைக்கே வகுப்பில் பாதிப்பேர் அவளுக்கு விரோதி.

"நான் என்னக்கா செஞ்சேன்?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு. பயத்தில் அக்கா என்றுவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. அப்படித்தான் சிநேகமானோம்.

காரியாபட்டியிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். தமிழ் மீடியம். டெஸ்ட் பேப்பர் திருப்பிக் கொடுக்கிற நாளில் செலக்‌ஷன் சார்ட் நடக்கும். வரிசை முழுவதையும் ஒருமுறை தேடி, இருப்பதிலேயே சின்னதைக் கண்டுபிடித்து முன்னால் வைக்கவேண்டும். பிறகு மிச்சமிருப்பதில் சின்னது. பிறகு அதற்கடுத்தது. "ஏற்கெனவே வரிசை சரியா இருந்தாலும் இது நம்பாது, முழுசாத் தேடத்தான் செய்யும்" என்பார் மேடம். அவர் குணமும் அதேதான். யாருக்கு மிகக் குறைவு என்று அவருக்கு முன்பே தெரியும். ஆனாலும் பேப்பர் கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கடைசியில் அவள் பெயரைச் சொல்லி முதலில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார். பேப்பர் கொடுக்கிற நாளில் அவளுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. பிறகு எல்லா நாளும் வந்தது. இரண்டாம் வருஷம் அவள் வரவில்லை. "டிஸ்கன்டினியூ" என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த பெயருக்குப் போனார்.

மாணவிகளோடு நிற்கிற குணம் என்றால்கூட வாத்தியார் கண்டிப்பு என்று விட்டிருக்கலாம். ஸ்டாஃப் ரூமில் யாராவது எலுமிச்சைச் சாதம் கொடுத்தால் வாயில் போட்ட உடனே, "போன வாரம் கொண்டாந்ததுக்கு இது மட்டுதான்" என்பார். குற்றாலத்துக்கு டூர் போனோம். மெயின் அருவியில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஐந்தருவிதான் இதைவிட மேல்" என்றார். ஐந்தருவிக்குப் போனதும், போன வருஷத் தண்ணீர்தான் மேல் என்றார். எந்தத் தண்ணீரிலும் அந்தம்மாவுக்கு உடம்பு குளிர்ந்து நான் பார்க்கவில்லை.

குரூப் போட்டோ எடுக்கிற அன்றைக்கு ஒன்றைக் கவனித்தேன். அவருக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்து டாக்டர் பட்டம் வாங்கிய ஒரு சின்ன வயசு மேடம் நடு நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் மேடம் யாரும் சொல்லாமல் தானே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. தன் இடம் எதுவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. பாவம், அவர் பட்டது எத்தனையோ என்று பிற்பாடு சில சிநேகிதிகள் சொன்னார்கள். இருக்கலாம். அதற்காக மன்னிக்க நான் தயாரில்லை. தனக்கு நடந்ததைச் சரி என்று ஏற்றுக்கொண்டவர், அதையே ஊருக்கெல்லாம் செய்தார். எனக்கு அது இன்னும் மோசமாகத்தான் தெரிகிறது.

இரண்டாம் வருஷம் தீபாவளி சீசன் நெருங்குகிற நேரம். மாரீஸ்வரியின் அம்மா வேலை பார்த்த ஆலையில் வெடி விபத்து. அவர் வெடிமருந்து அறையில் இல்லை, அடுத்த அறையில் இருந்தார். அதனால் உயிர் தப்பியது. இரண்டு கையும் கழுத்தும் வெந்துபோய் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பா கிடையாது. மாரீஸ்வரிதான் கூட இருந்தாள். அந்த மாத டெஸ்டை அவள் எழுதவில்லை. அதற்கு முந்தின மாதம் அவள்தான் முதல் மார்க், சன்னலோரம் அவள் இடம்.

அவள் திரும்பி வந்த அன்று காலை மேடமே அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். "அம்மா எப்படி இருக்காங்க? கஞ்சி குடிக்கிறாங்களா? நீ சாப்பிட்டியா?" உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். அந்த ஒரு நிமிஷம் இவரைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

பிறகு மணி அடித்தது. "புது சீட்டிங் போடணும். பபிள் சார்ட் ரிவிஷனும் ஆச்சு. எல்லாரும் பழைய வரிசைப்படி சுவரோரமா நில்லுங்க. பெரிய மார்க் முன்னால, சின்ன மார்க் பின்னால."

பழைய வரிசைப்படி மாரீஸ்வரிதான் முதலில். அவள் மேல் ஆஸ்பத்திரி வாடை இன்னும் போகவில்லை. மேடம் ரெஜிஸ்டரைப் பார்த்தார்.

"மாரீஸ்வரி, சைபர். சுபா, எண்பத்தி ரெண்டு. கம்பேர். மாத்து."

சுபா தயங்கினாள். மேடம் நிமிர்ந்து பார்த்ததும் முன்னால் போனாள். மாரீஸ்வரி ஒரு இடம் பின்னால் வந்தாள்.

"மாரீஸ்வரி, சைபர். அடுத்து, எழுபத்தி ஒம்பது. மாத்து."

பெரியது முன்னால் நிற்கிற வரிசையில் சின்னது முதலில் இருந்தால் முதல் சுற்றிலேயே ஒவ்வொருவரிடமும் தோற்று, ஒவ்வொருவரையும் தாண்டிக் கடைசிக்குப் போகும். பாடம் அதுதான். ஒவ்வொரு தடவையும் அந்த சைபரைச் சத்தமாகச் சொன்னார். மூன்று பேரைத் தாண்டியதும் மாரீஸ்வரி நின்றாள்.

"மேடம், நான் கடைசிக்கே போயிருதேன். கடைசின்னு தெரியுதுல்ல."

"அப்படிப் போகக் கூடாது. கம்பேர் பண்ணாம இடம் மாறுனா அது சார்ட்டே கிடையாது."

அவள் அடுத்து வந்து நின்றது எனக்குப் பக்கத்தில். என் மார்க்கைப் படித்தார். "மாத்து" என்றார். நான் நகரவில்லை.

"மாத்துன்னு சொன்னேன்."

"மேடம், அவ டெஸ்டே எழுதலை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தரம் சொன்னேன். "எழுதி ஒண்ணும் வாங்காதவளுக்குத்தான் மேடம் சைபர். எழுதாதவளுக்கு மார்க்கே கிடையாது. இல்லாத மார்க்கை எதோட கம்பேர் பண்றது? வெறும் இடம் வேற, சைபர் வேறன்னு நீங்கதான மேடம் சொன்னீக?"

டேட்டாபேஸ் பாடத்தில் அவர் சொன்னதுதான். அவர் ரெஜிஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாரீஸ்வரியைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

"கரெக்ட்" என்றார். "ரொம்ப நல்ல பாயிண்ட். நான் கவனிக்கலை. மார்க்கே இல்லாத ஒண்ணு வரிசையில நிக்க முடியாது." அவர் முகம் மலர்ந்திருந்தது. மூன்று வருஷத்தில் என்னை அவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். "மாரீஸ்வரி, நீ வரிசையில இல்ல. வெளிய போய் நில்லு."

சொன்னது கேலி இல்லை. கோபமும் இல்லை. கணக்கில் ஒரு தப்பைத் திருத்திய திருப்தி. நான் அவளுக்காக எடுத்துக்கொடுத்த நியாயத்தை அப்படியே வாங்கி, அதை வைத்தே அவளை வெளியே அனுப்பினார். எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது பலநாள் சேர்ந்துதான். வெறுத்தது அந்த நிமிஷம்.

மாரீஸ்வரி வெளியே போனாள். நானும் வரிசையை விட்டுப் போனேன். பின்னாலிருந்து என்னைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. "இடைவெளி விடாம நெருங்கி நில்லுங்க. அடுத்து, எழுபது, அறுபத்தி எட்டு. மாத்த வேண்டாம்" என்ற குரல்தான் கேட்டது.

வராந்தாவில் மாரீஸ்வரி என்னைத் திட்டினாள். "நீ எதுக்குடி வந்த? உனக்கும் சேத்து அட்டன்டன்ஸ் போச்சா?"

"போகட்டும்."

"எங்கம்மாவுக்கு தொடையில இருந்து தோலு எடுத்து கையில வச்சுத் தச்சிருக்காக. அந்தக் கட்டைப் பிரிக்கும்போது நான்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். இந்தம்மா சைபர்னு சொன்னா எனக்கு ஒண்ணும் ஆகாது." சொல்லிவிட்டுச் சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தோள் குலுங்கியது. நான் கையைப் பிடிக்கப் போனேன், உதறிவிட்டாள்.

நான் துறைத் தலைவரிடம் போனேன். நல்ல மனுஷர். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் மறுதேர்வு வைக்கலாம், விதியில் இடமிருக்கிறது என்று சொல்லி அவரே ஏற்பாடு செய்தார். ஆனால் அதற்குள் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி பயிற்சி வேலைக்கு ஆள் எடுக்க வந்துவிட்டது. வரிசையில் முதலில் இருக்கிறவர்களை மட்டும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். "ஒருத்திக்காக வரிசையைக் கலைச்சா அப்புறம் அது வரிசையே இல்ல சார்" என்று மேடம் சொல்லிவிட்டார். சுபா போனாள், வேலை கிடைத்தது. மாரீஸ்வரியின் மறுதேர்வு மார்க் அடுத்த வாரம்தான் வந்தது. சுபாவைவிடக் கூட.

மேடம் அதையும் மறைக்கவில்லை. வகுப்பில் சத்தமாகப் படித்தார். "மாரீஸ்வரி, முதல் இடம். வந்து உட்காரு."

மாரீஸ்வரி, வெளியே அனுப்பப்பட்ட நாளிலிருந்து உட்கார்ந்திருந்த கதவோரத்துக் கடைசி பெஞ்சில் இருந்து எழுந்திருக்கவில்லை. "எனக்கு இங்கன காத்து வருது மேடம்" என்றாள்.

"உன் இடம் இது."

"எனக்கு வேண்டாம் மேடம்."

அன்றைக்கு மேடம் திகைத்ததைப் பார்த்தேன். மேலே போ என்றால் போகாத ஆளை அவர் அதுவரை சந்தித்ததில்லை. எந்தப் பாடத்திலும் அதற்கு வழி சொல்லவில்லை. படிப்பு முடிகிறவரை ஒவ்வொரு மாதமும் அவள் பெயரை முதலில் படித்தார். ஒவ்வொரு மாதமும் அவள் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். சன்னலோர இடத்தில் வேறு யாரையும் உட்காரவிடாமல் காலியாகவே வைத்திருந்தார். அது அவருடைய நேர்மையா பிடிவாதமா என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்க விருப்பமும் இல்லை.

மாரீஸ்வரி இப்போது கோயம்புத்தூரில் ஒரு மில்லில் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறாள். அம்மா கூடவே இருக்கிறார். விரல்கள் முழுசாக மடங்காது, ஆனால் சோறு தானே பிசைந்து சாப்பிடுகிறார். போனில் நாங்கள் மேடத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

போன ஆவணியில் மேடம் எங்கள் அச்சகத்துக்கே வந்தார். சின்ன மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை அடிக்கவேண்டும். கூட மூத்த மகள். அவளுக்கு இன்னும் ஆகவில்லை. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். முடி நரைத்திருந்தது, கண் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தார், பக்கத்து மேசையில் இருந்த பெண்ணைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்கியா? சுபா அமெரிக்கால இருக்கா, தெரியுமா?"

"தெரியும் மேடம்."

சாம்பிள் அட்டைகளை எடுத்துப் போட்டேன். மூத்தவள் ஒன்றை எடுத்து நன்றாக இருக்கிறது என்றாள். "உனக்கு என்ன தெரியும்? சின்னவளுக்குத்தான் இதுலயெல்லாம் ரசனை. இவ எதுலயும் அவளுக்குக் கீழதான்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். மூத்தவள் அட்டையைக் கீழே வைத்தாள். கேட்டுக் கேட்டு மரத்த முகம். "தங்கள் வரவை விரும்பும்" என்பதற்குக் கீழே யார் பெயர் முதலில், யார் அடுத்து என்று மேடம் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். சித்தப்பா, மாமா, அத்தை, அவர்கள் பிள்ளைகள். "இவ பேரைக் கடைசில போடு. போதும்."

"நான் முதல்ல போடுறேன் மேடம்" என்றேன். "மணப்பொண்ணுக்கு அக்கா. எல்லாப் பத்திரிகையிலயும் அப்படித்தான்."

"கல்யாணம் ஆகாத அக்கா பேரு முதல்ல இருந்தா வர்றவுக கேப்பாக."

"கேக்கட்டும் மேடம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் இப்போது அவர் வகுப்பில் இல்லை. "என்னமோ பண்ணு" என்று எழுந்து, வாசலில் காத்திருந்த ஆட்டோவில் போய் உட்கார்ந்தார்.

மூத்தவள் பின்னாலேயே கிளம்பினாள். கதவுவரை போனவள் திரும்பி வந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? காலேஜ்லயும் இவுக இப்படித்தானா?"

"இப்படித்தான்" என்றேன். "இதைவிட மோசம்."

அவள் நின்றபடியே சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பை அடக்க வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் என்கிட்டதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்க்கா. சின்னப் பிள்ளையில இருந்து."

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "என்னடி பண்ற உள்ள?" என்று மேடத்தின் குரல்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "டீ சொல்லட்டுமா?"

அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கக்கா. எனக்குச் சீனி கொஞ்சம் தூக்கலா."